கண்ணில் பூ விழுந்தால்

பூசணம் என்றால் பெரும்பாலோருக்கு ஊறுகாய் ஜாடிதான் ஞாபகம் வரும். எனக்குப் புத்தக அலமாரி ஞாபகம் வருகிறது. ஐப்பசி அடைமழை ஓய்ந்த பிறகு அலமாரியைத் திறந்தால், காலிக்கோ பைண்டு செய்த பழைய புத்தகங்களின் முதுகில் சாம்பல் பூசினாற்போல ஒரு மெல்லிய படலம் படிந்திருக்கும். துணியால் துடைத்து, வெயிலில் காயவைத்து, மறுபடி அடுக்கிவிடுவேன். நான் எழுதிய நாவல்களின் மேல்தான் அது அதிகமாகப் படிகிறது என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. அடிக்கடி எடுத்துப் படிக்கிற புத்தகத்தில் பூசணம் பிடிக்காதாம்!

இந்தப் பூசணம் மனிதனுடைய கண்ணிலும் பிடிக்கும் என்று சொன்னால் பட்டணத்து நண்பர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். கிராமத்தில் அப்படி யாரும் சுளிப்பதில்லை. அங்கே அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். ‘கண்ணிலே பூ விழுந்துபோச்சு’ என்பார்கள். புண் ஆறின பிறகு கருவிழியின் மேல் வெள்ளையாகத் தங்கிவிடுகிற தழும்புக்குத்தான் இந்தப் பெயர். இவ்வளவு கொடுமையான ஒரு காரியத்துக்கு இத்தனை அழகான பெயர் வைத்தவன் யாரோ! துக்கத்தை நேராகச் சொல்லக் கூசுகிற மனசு நம்முடையது.

கடிகார முகத்தின் மேல் கண்ணாடி போட்டிருப்பதுபோலக் கருவிழிக்கு முன்னால் ஒரு தெளிவான படலம் இருக்கிறது. நடுவில் அதன் கனம் சுமார் அரை மில்லிமீட்டர். அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது. இருந்தால் வெளிச்சம் தெளிவாக உள்ளே போக முடியாது அல்லவா? பார்வைக்காக அது ரத்தத்தைத் துறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ரத்தம் ஓடாத இடத்துக்குக் காவல்காரர்களும் தாமதமாகத்தான் வந்து சேர்வார்கள். ஒரு நெல் சுணையோ, கரும்புத் தோகையோ, மாட்டின் வாலோ அந்தப் படலத்தைக் கீறிவிட்டால் போதும். மண்ணிலும் பயிரிலும் சதா இருந்துகொண்டிருக்கிற பூசண விதைகள் அந்தக் கீறலில் இறங்கி, ஈர நிலத்தில் விழுந்த விதைபோல முளைக்க ஆரம்பித்துவிடுகின்றன. மாட்டு வால் என்றது வேடிக்கைக்கு அல்ல. பால் கறக்கும்போது ஈயை ஓட்ட மாடு வாலை வீசும். கறக்கிறவரின் கண்ணில் பட்டுவிடும். நம் நாட்டுக் கண் டாக்டர்கள் நோயாளியிடம் கேட்கிற கேள்விகளில் இதுவும் ஒன்று.

இந்த நோயை முதலில் விவரித்து எழுதியவர் தியடோர் லேபர் என்கிற ஜெர்மானியக் கண் வைத்தியர். வருஷம் 1879. அவரிடம் வந்தவரும் ஒரு குடியானவர்தான். கதிரடிக்கும் இயந்திரத்திலிருந்து ஓட்ஸ் உமி ஒன்று பறந்து வந்து கண்ணில் விழுந்திருக்கிறது. ஓட்ஸ் என்ற இடத்தில் நெல் என்று மாற்றிக்கொண்டால் அது அப்படியே மதுரை ஜில்லாவின் கதை. 1993-இல் மதுரை மாவட்டத்தில் எடுத்த கணக்கில், ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் பதினொரு பேருக்குச் சற்று அதிகமாகவே கருவிழிப் புண் வந்ததாகத் தெரிந்தது. அமெரிக்காவில் ஓர் ஊரில் எடுத்த கணக்கைப்போல அது பத்து மடங்கு. மறு வருஷம் மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் மூன்று மாதங்களுக்குள் இந்தப் புண்ணோடு வந்தவர்கள் 434 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பேருக்குக் கண்ணில் அடிபட்டதுதான் ஆரம்பம். கிருமியை வளர்த்துக் கண்டுபிடிக்க முடிந்தவர்களில் பாக்டீரியா மட்டும் இருந்தவர்கள் 140 பேர். பூசணம் மட்டும் இருந்தவர்கள் 139 பேர். தராசுத் தட்டு இரண்டும் ஏறக்குறையச் சமமாக நின்றுவிட்டது. இது வெறும் எண் விளையாட்டு அல்ல. பாக்டீரியாவுக்குக் கொடுக்கிற மருந்து பூசணத்தை ஒன்றும் செய்யாது. ஆகவே புண்ணைப் பார்த்து உத்தேசமாக மருந்து எழுதுகிற டாக்டர் அந்த ஊரில் பூவா தலையா போட்டுப் பார்க்கிறார் என்று அர்த்தம்.

இவையெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு பாடம் என்று கேட்பீர்கள். 2023-ஆம் வருஷம் தை மாதத்தில் என் அத்தான் கண்ணில் ஒரு சுணை விழுந்தது.

மேலூருக்குப் பக்கத்தில் என் தமக்கை வாழ்க்கைப்பட்ட ஊர். பெரியாற்றுப் பாசனம். அன்றைக்குக் களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார்கள். காற்று திடீரென்று திரும்பியதில் அத்தானுடைய வலது கண்ணில் ஏதோ விழுந்தது. நாற்பத்தைந்து வருஷமாக விவசாயம் பார்க்கிற மனிதருக்கு இது புதிதல்ல. கண்ணைக் கசக்கிக்கொண்டே வாய்க்காலில் இறங்கினார். இரண்டு கை தண்ணீர் அள்ளி அடித்துக்கொண்டார். உறுத்தல் நிற்கவில்லை. அந்தத் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறாள். நாக்கு நுனியால் இமைக்குள் துழாவித் தூசி எடுப்பதில் சுற்று வட்டாரத்தில் பெயர் பெற்றவள். அவள் ஒரு சுணையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். அன்று இரவு அக்காள் விளக்கெண்ணெய் ஒரு சொட்டு விட்டாள். வைத்தியம் முடிந்தது.

மூன்றாம் நாள் கண் சிவந்தது. பக்கத்து ஊர் மருந்துக் கடையில் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். விட்ட மறுநாளே சிவப்பு இறங்கிற்று. வலியும் குறைந்தது. கைராசிக்காரர் என்று கடைக்காரரை எல்லோரும் மெச்சினார்கள். அந்தக் குப்பியில் இருந்தது ஸ்டீராய்டு. அது வீக்கத்தையும் சிவப்பையும் அடக்கும் என்பது உண்மைதான். ஆனால் எப்படி அடக்குகிறது? கிருமியோடு சண்டை போட வந்த உடம்பின் சிப்பாய்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ‘பார், சண்டையே இல்லை’ என்கிறது. உள்ளே பூசணம் இருந்தால் அதற்குத் திருவிழாதான். பத்தாம் நாள் அக்காள் டெலிபோனில் கூப்பிட்டாள்.

“தம்பி, அத்தானுக்கு ராத்திரி முச்சூடும் தூக்கமில்லைடா. கருமணியிலே வெள்ளையாத் தெரியுது. எனக்குப் பார்க்கவே பயமா இருக்கு.”

மறுநாள் காலை மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் இருந்தோம். டாக்டர் இளம் வயதுப் பெண்மணி. முதலில் மருந்தைப் பற்றி அவர் பேசவே இல்லை, கதை கேட்டார். எதில் வேலை, என்ன விழுந்தது, அப்புறம் என்ன செய்தீர்கள், என்ன விட்டீர்கள் என்று ஒரு நாவலாசிரியன் பொறாமைப்படும்படி கேட்டார். அத்தான் பாட்டியின் நாக்கை மட்டும் மறைத்துவிட்டு மற்றதையெல்லாம் சொன்னார். அக்காள் அதையும் சொல்லிவிட்டாள்.

பிறகு கண்ணை மரத்துப் போகச் செய்து, புண்ணின் ஓரத்தில் ஒரு சிறு தகட்டால் சுரண்டி எடுத்தார்கள். கண்ணாடித் துண்டில் அதைத் தடவி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டார்கள். சதையின் அணுக்களை அது கரைத்துத் தெளிவாக்கிவிடும். பூசணத்தின் கெட்டியான சுவர் மட்டும் கரையாமல் நிற்கும். பரிசோதனைச் சாலையில் இருந்த அம்மாள் என்னையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். மங்கலான வெளியில் கிளை விட்டுக் கிளை விட்டுப் போகிற நூல்கள். தறியிலிருந்து அறுந்து விழுந்த இழைகள் மாதிரி இருந்தன. இவ்வளவும் பத்து நிமிஷத்துக்குள். செலவும் சொற்பம். தினமும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தப் பரிசோதனையில் பூசணம் தப்புவது அபூர்வம் என்றார் அந்த அம்மாள். அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. இருக்க வேண்டியதுதான்.

நாடாமைசின் என்கிற மருந்தை மணிக்கு ஒரு முறை விடச் சொன்னார்கள். இந்த மருந்தின் பூர்வோத்தரம் ஸ்வாரஸ்யமானது. தென்னாப்பிரிக்காவில் நேட்டால் மாகாணத்து மண்ணில் வாழ்கிற ஒரு நுண்ணுயிர் இதைச் சுரக்கிறது. 1955-இல் கண்டுபிடித்தார்கள். நாடாமைசின் என்ற பெயரே நேட்டாலிலிருந்து வந்ததுதான். பாலாடைக் கட்டியின் மேல் பூசணம் பிடிக்காமல் இருக்க அதன் தோலில் தடவுவதும் இதே சரக்குத்தான். மணிக்கொரு முறை என்றால் இரவும் பகலும். அக்காள் அலாரம் வைத்துக்கொண்டு எழுந்து எழுந்து விட்டாள். கண்ணின் ஓரமெல்லாம் சுண்ணாம்புபோல வெள்ளை படிந்தது.

ஐந்து நாள் ஆயிற்று. புண் ஒரு கடுகளவும் குறையவில்லை, பெரிதாகிக்கொண்டிருந்தது. சுரண்டி எடுத்ததில் ஒரு பகுதியைத் தட்டில் வளர்க்கப் போட்டிருந்தார்கள். அதில் நிறமில்லாமல், தட்டையாக, ஈரக் காகிதத்தை ஒட்டினாற்போல ஏதோ வளர்ந்திருந்தது. பூசணங்களை அடையாளம் காண்பது அவற்றின் விதைகளின் வடிவத்தை வைத்து. ஃபுசேரியத்தின் விதை பிறைச்சந்திரன் மாதிரி வளைந்திருக்கும். ஆஸ்பர்ஜில்லஸ் விதைகளைத் தலைமேல் மாலை மாலையாகத் தாங்கிக்கொண்டு நிற்கும். இது எந்த விதையும் விடவில்லை. தலையில்லாத முண்டம்போல, யாருடையது என்று சொல்ல முடியாமல் கிடந்தது. அப்போதுதான் டாக்டர், “இதன் ஜீனைப் படித்துப் பார்த்துவிடலாம்” என்றார்.

பி.சி.ஆர். என்றதும் எங்கள் எல்லோருக்கும் மூக்குதான் ஞாபகம் வந்தது. கொரோனாக் காலத்தில் மூக்குக்குள் குச்சி விட்டுச் சோதித்தார்களே, அதே வித்தைதான். ஆனால் அன்றைக்கு அதை யாரும் எனக்கு விளக்கவில்லை. ‘பாசிட்டிவ்’, ‘நெகட்டிவ்’ என்ற இரண்டு வார்த்தைகளோடு நாடே நிறுத்திக்கொண்டது. பரிசோதனைச் சாலை அம்மாள் பொறுமையாக விளக்கினார். நான் புரிந்துகொண்ட மட்டில் சொல்லுகிறேன்.

ஒரே பதிப்பகத்தார் போட்ட நாவல்களை நினைத்துக்கொள்ளுங்கள். முன் அட்டையும் பின் அட்டையும் எல்லாவற்றுக்கும் ஒன்றுபோல இருக்கும். உள்ளே கதை வெவ்வேறு. ஒவ்வொரு பூசணத்தின் டி.என்.ஏ.யிலும் இப்படி ஒரு பகுதி உண்டு. இரண்டு ஓரத்திலும் உள்ள எழுத்துக்கள் ஏறக்குறைய எல்லா இனத்துக்கும் பொது. நடுவில் இருக்கிற சில நூறு எழுத்துக்கள் இனத்துக்கு இனம் மாறும். அந்த இரண்டு அட்டைகளைப் பற்றிக்கொள்ளுகிற மாதிரி சிறு துண்டுகளைச் செய்து வைத்திருக்கிறார்கள். கண்ணிலிருந்து எடுத்த துளியில் நோயாளியின் சொந்த அணுக்களும் ஏராளமாக இருக்கும். ஆனாலும் இந்தத் துண்டுகள் போய் ஒட்டுவது பூசணத்தின் அட்டையில்தான்.

இனி இரட்டிப்பு. துளியைக் கொதிநிலைக்குப் பக்கம் சூடாக்கினால் டி.என்.ஏ.யின் இரண்டு புரிகளும் பிரியும். கொஞ்சம் ஆறவிட்டால் துண்டுகள் போய் ஒட்டிக்கொள்ளும். மறுபடி சூடேற்றினால் பிரதி எடுக்கிற என்ஸைம் ஒவ்வொரு புரிக்கும் ஜோடியை எழுதி முடிக்கும். ஒன்று இரண்டாயிற்று. திரும்பவும் அதே சூடு, அதே ஆறுதல், இரண்டு நாலாயிற்று. அம்பலப்புழை பால் பாயசத்தின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சதுரங்கத்தில் தோற்ற ராஜா, கட்டத்துக்குக் கட்டம் இரட்டிப்பாக அரிசி வைக்கிறேன் என்று அலட்சியமாக ஒப்புக்கொண்டு, களஞ்சியம் காலியாகி விழித்தாரே, அந்தக் கணக்குத்தான் இது. முப்பது தடவை இரட்டித்தால் ஒரு பிரதி 107 கோடிப் பிரதி ஆகிவிடும். இரண்டு மூன்று மணி நேர வேலை. அமெரிக்கரான கேரி மல்லிஸுக்கு 1983-இல் தோன்றிய யோசனை. பத்து வருஷத்துக்குப் பின் அதற்காக நோபல் பரிசு கொடுத்தார்கள். அவ்வளவு சூட்டில் வெந்துபோகாத என்ஸைம் எங்கே கிடைத்தது என்றால், யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் சுகமாகக் குடித்தனம் செய்கிற ஒரு பாக்டீரியாவிடமிருந்து. தாமஸ் பிராக் என்பவர் 1960-களில், எந்த நோயையும் பற்றி நினைக்காமல், வெந்நீரில் என்னதான் வாழ்கிறது பார்ப்போமே என்று தேடிக் கண்டுபிடித்தது. மேலூர் வாய்க்காலுக்கும் யெல்லோஸ்டோன் ஊற்றுக்கும் இப்படி ஒரு சம்பந்தம் இருக்கும் என்று கதையில் எழுதியிருந்தால் ஆசிரியர் வெட்டியிருப்பார்.

பெருக்கின பிறகு, நடுவில் உள்ள எழுத்துக்களை இயந்திரம் வரிசையாகப் படித்துக் கொடுக்கும். அதை உலகம் முழுவதற்கும் பொதுவாக வைத்திருக்கிற ஒரு பெரிய எழுத்துக் களஞ்சியத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பெயர் போடாமல் வருகிற கடிதத்தைக் கையெழுத்தை வைத்து யாருடையது என்று கண்டுபிடிக்கிற மாதிரி. பத்திரிகை ஆபீஸில் இருந்தவன் ஆகையால் எனக்கு இது சட்டென்று பிடிபட்டது.

மூன்றாம் நாள் பெயர் வந்தது. பிதியம் இன்ஸிடியோசம். டாக்டர் சொன்ன முதல் வார்த்தை, “இது பூசணமே இல்லை” என்பதுதான்.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மைக்ராஸ்கோப்பில் என் கண்ணாலேயே நூலைப் பார்த்தேனே! அந்த நூல்தான் ஏமாற்று. பிதியம் பூசணம் மாதிரியே இழை விட்டு வளரும், மாதிரியே கிளைக்கும், ஆனால் பிறந்த குலம் வேறு. கடலில் வளர்கிற பழுப்புப் பாசிகளுக்கு அது தூரத்து உறவு. 1845-இலிருந்து அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழுகவைத்துப் பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்த நோய்க்கிருமி இதற்குப் பங்காளி. தண்ணீரில் வாழும், தேங்கின நீரிலும் வயல் நீரிலும் இருக்கும், குதிரைகளுக்கு ஆறாத புண்ணை உண்டாக்கும். இன்ஸிடியோசம் என்ற லத்தீன் வார்த்தைக்குச் சூழ்ச்சிக்காரன் என்று அர்த்தமாம். பெயர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். டாக்டர் அத்தானைப் பார்த்து, “கண்ணில் பட்டதும் வாய்க்கால் தண்ணீரில் கழுவினேன் என்றீர்களே ஐயா” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

நாடாமைசின் ஏன் பலிக்கவில்லை என்பதும் அப்போது விளங்கிற்று. பூசணத்தின் மேல் சவ்வில் எர்கோஸ்டெரால் என்று ஒரு கொழுப்புப் பொருள் இருக்கிறது. மருந்து அதைப் பற்றிக்கொண்டுதான் வேலை செய்யும். பிதியத்தின் சவ்வில் அது கிடையாது. பூட்டே இல்லாத கதவில் ஐந்து நாள் சாவியைத் திருகிக்கொண்டிருந்தோம்! இதற்குக் கொடுக்கிற லினசோலிட், அசித்ரோமைசின் இரண்டும் பாக்டீரியாவுக்கென்று செய்த மருந்துகள். ஹைதராபாதில் எல்.வி. பிரசாத் கண் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள், பூசணம் என்று பார்க்கப்பட்ட கண்களில் பிதியம் ஒளிந்திருப்பதை டி.என்.ஏ. எழுத்துக்களைப் படித்து நிச்சயப்படுத்தி 2015-இல் பிரசுரித்தார்கள். ஜீன் பரிசோதனை இல்லாமலும் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வளர்ந்ததைத் தண்ணீரில் ஒரு புல் துண்டோடு சேர்த்து வைத்தால், பிதியம் நீந்துகிற குஞ்சுகளை வெளியே விடும். அசல் பூசணம் அப்படி விடாது. புல் துண்டை வைத்துக் குற்றவாளியைப் பிடிப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அதற்குக் கைப்பழக்கமும் நாளும் வேண்டும்.

நோயின் பெயர் தெரிவதால் என்ன ஆகிவிடப்போகிறது, பெயருக்கா வைத்தியம் என்று கேட்கிறவர்கள் உண்டு. அசல் பூசணத்திலேயே பெயருக்குப் பலன் இருக்கிறது. 2010-இலும் 2011-இலும் அரவிந்த் ஆஸ்பத்திரிகளில் 323 நோயாளிகளைச் சேர்த்து, பழைய நாடாமைசினையும், புதியதும் விலை உயர்ந்ததுமான வோரிகோனசோலையும் எதிரெதிரே வைத்துச் சோதித்தார்கள். 2013-இல் முடிவு வெளியாயிற்று. பழைய மருந்தே ஜெயித்தது. அதிலும் ஃபுசேரியம் பிடித்த கண்களில் வித்தியாசம் வெகு தூரம். மற்றப் பூசணங்களில் அவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை. புதிய மருந்து எதுவானாலும் உயர்ந்தது என்று நினைக்கிற நம்முடைய பட்டிக்காட்டுத்தனத்துக்கு இது நல்ல சூடு. பட்டணத்திலும் அந்தப் பட்டிக்காட்டுத்தனம் உண்டு.

ஜீனைப் படிப்பதால் வேறொரு விதமான நியாயமும் கிடைத்திருக்கிறது. 2006-ஆம் வருஷம் அமெரிக்காவில், மண்ணையே தொடாதவர்கள், மெல்லிய கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொள்கிறவர்கள், திடீரென்று ஃபுசேரியப் புண்ணோடு வர ஆரம்பித்தார்கள். ஜூன் முடிவதற்குள் 33 மாநிலங்களில் 164 பேர். மூன்றில் ஒருவருக்குக் கருவிழியையே மாற்ற வேண்டியிருந்தது. விசாரித்ததில் பெரும்பாலோர் லென்ஸைக் கழுவுவதற்கு ஒரே ரகத் திரவத்தை உபயோகித்திருந்தது தெரிந்தது. தொழிற்சாலையில்தான் பூசணம் கலந்துவிட்டது என்று யாருக்கும் தோன்றும். ஆனால் நோயாளிகளின் கண்ணிலிருந்து எடுத்த பூசணங்களின் ஜீனைப் படித்தபோது, குறைந்தது பத்து இனங்கள், பத்தொன்பது வகைகள் என்று தெரிந்தது. ஓர் அண்டாவில் விழுந்த மாசானால் எல்லாக் கண்ணிலும் ஒரே வகை அல்லவா இருக்க வேண்டும்? ஆகவே பூசணம் அவரவர் வீட்டிலிருந்தே வந்திருக்கிறது. அதைக் கொல்ல வேண்டிய திரவம் கொல்லவில்லை. அந்தச் சரக்கை உலகம் முழுவதும் கடைகளிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

இப்படிச் சொன்னதனால் ஜீன் பரிசோதனை கல்பவிருட்சம் என்று எண்ணிவிடக் கூடாது. அந்த அம்மாளே அதன் குறைகளையும் சொன்னார். அது எதையும் பெருக்கும். காற்றில் மிதந்து வந்து குப்பிக்குள் விழுந்த ஒரு விதையையும் 107 கோடியாகப் பெருக்கி, ‘இதோ குற்றவாளி’ என்று காட்டிவிடும். செத்த பூசணத்துக்கும் உயிருள்ளதற்கும் வித்தியாசம் அதற்குத் தெரியாது. எந்த மருந்துக்கு அடங்கும் என்றும் நேராகச் சொல்லாது. பெயரை மட்டும் சொல்லும். அதற்கான அறையும் ஆட்களும் பெரிய ஊர்களில்தான் இருக்கின்றன. நல்ல மைக்ராஸ்கோப்பும் பழகிய கண்ணும் இருக்கிற இடத்தில் பத்தில் ஒன்பது நோயாளிக்கு இது தேவைப்படாது என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பத்தாவது ஆள் என் அத்தானாக இருந்துவிட்டார்.

புதிய மருந்துகளில் புண் மேலும் பரவாமல் நின்றது. ஆனால் அதற்குள் நடுவில் படலம் மிகவும் மெலிந்துவிட்டது. மாசி மாதம், யாரோ ஒரு புண்ணியவான் இறக்கும்போது கொடுத்துவிட்டுப் போன கருவிழியை எடுத்து வைத்துத் தைத்தார்கள். இப்போது அந்தக் கண்ணால் ஆளைத் தெரிகிறது. நெல்லையும் பதரையும் பிரித்துச் சொல்கிறார். பஸ்ஸின் போர்டைப் படிக்க இடது கண் வேண்டும். உலகத்தில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குப் பூசணக் கண் நோய் வருகிறது என்றும், அவர்களில் நூற்றுக்கு எட்டுப் பத்துப் பேருக்குக் கண்ணையே எடுத்துவிட நேர்கிறது என்றும் 2021-இல் ஒரு மதிப்பீடு வந்திருக்கிறது. அதை நினைத்தால் இது சின்ன நஷ்டம் இல்லை; பெரிய நஷ்டமும் இல்லை.

எனக்கு ஆறாமல் இருப்பது அந்த முதல் பத்து நாட்கள். முப்பத்தைந்து கிலோமீட்டரில் மதுரை. மணிக்கு நான்கு பஸ். இயந்திரம் மூன்று மணி நேரத்தில் பெருக்கித் தருகிற செய்தி, பத்து நாள் மருந்துக் கடை வாசலில் காத்துக் கிடந்தது. நேபாளத்தில் பக்தபூர் என்ற இடத்தில் ஒரு காரியம் செய்தார்கள். கிராமத்திலேயே சிலருக்குப் பயிற்சி கொடுத்து, கண்ணில் கீறல் பட்டவர்களை உடனே பார்த்து மூன்று நாளைக்குக் குளோரம்ஃபெனிகால் களிம்பு போடச் செய்தார்கள். 2001-இல் கணக்கு வெளியாயிற்று. 442 கீறல்களில் 424 புண்ணாகாமல் ஆறிவிட்டன. பதினெட்டு மணி நேரத்துக்குள் களிம்பு போட்டவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை. பாட்டியின் நாக்குக்கும் மதுரைப் பரிசோதனைச் சாலைக்கும் நடுவில் இப்படி ஓர் ஆள் எங்கள் ஊர்த் தெருவில் இருந்திருந்தால் நான் பிதியம் என்ற பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டேன். சர்க்கார் செய்ய முடியாத காரியமா இது?

எழுத்துக்கள் அச்சடித்த அந்தப் பரிசோதனைக் காகிதத்தை அத்தான் ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிக்கொண்டார். நான்கே எழுத்து, ஒரு பக்கம் முழுக்க மாறி மாறி வந்துகொண்டிருக்கும். நெடுநேரம் ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு, “மாப்ளே, இது என்ன பாஷை?” என்றார். பட்டாவும் ரசீதுகளும் வைத்திருக்கிற டிரங்குப் பெட்டியில் அதையும் வைத்துப் பூட்டியிருக்கிறார்.

2025 தை மாதம் அறுவடைக்குப் போயிருந்தேன். கதிரடிக்கும் மெஷினோடு வந்த நான்கு பையன்களுக்கும் அத்தான் மேலூர்ச் சந்தையில் பிளாஸ்டிக் கண்ணாடி வாங்கி வைத்திருந்தார். வாய்க்காலுக்குப் போகாமல் இருக்க, களத்து ஓரத்தில் காய்ச்சி ஆறின தண்ணீர் ஒரு குடம், மூடி போட்டு. இரண்டு பையன்கள் கண்ணாடியை ஒழுங்காகப் போட்டிருந்தார்கள். ஒருவன் நெற்றிமேல் ஏற்றிவிட்டிருந்தான். நாலாவது ஆளுடையது டிராக்டர் ஸ்டீரிங்கில் தொங்கிக்கொண்டிருந்தது. “வேர்க்குது பெரியப்பா” என்று அவன் சிரித்தான். அத்தான் மெஷினை நிறுத்தச் சொன்னார். அவன் கண்ணாடியை எடுத்து மாட்டுகிற வரையில் நிறுத்தியே வைத்திருந்தார்.